அழைப்பும் அவாவும்: திருத்தொண்டில் இறைவழிநடத்துதலைக் கேட்டறிதல்

குருத்துவ அபேட்சகரை நேர்காணும் குழுவினர் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு: உமது அழைப்பு யாது? இறையியல் கல்லூரியில் சேர வரும் மாணவரும் இதற்கு விடை கூறியே உள்ளே வருகின்றனர். ஆனால் குருப்பட்டம் பெற்ற பின்னர் இவ்வினாவை நம்மிடம் எவரும் கேட்பதில்லை. சேகர மாற்றம், மேற்படிப்பு, திருமண்டலக் குழுக்களில் இடம், பேராயர் தேர்தல் எனத் தொண்டின் ஒவ்வொரு படியிலும் தேவசித்தம் என்னும் சொல் தாராளமாக வழங்குகிறது. அச்சித்தம் கேட்டறியப்பட்டதா, அல்லது நாமே முன்கூட்டி முடிவு செய்துவிட்ட ஒன்றுக்கு அப்பெயர் சூட்டப்பட்டதா என்பதே நாம் ஆராய வேண்டியது.

இது தனிமனிதரின் உள்ளத் தூய்மையை மட்டும் பற்றிய வினாவன்று. மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், மேலூர், திருமங்கலம், மானாமதுரை, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களைச் சார்ந்து, சிறிய கிராமச் சபைகள் பல உள்ளன. ஒரே ஆயர் பல சபைகளைப் பேணும்போது, திருவிருந்துக்காகவும் அடக்க ஆராதனைக்காகவும் அச்சபைகள் அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. திறமையுள்ள தொண்டர் யாவரும் நகரச் சபைகளையும் நிர்வாகப் பொறுப்புகளையும் நோக்கியே நகர்வாராயின், அதன் விலையைச் செலுத்துவோர் இச்சபை மக்களே. எனவே அழைப்பையும் அவாவையும் பகுத்தறிவது ஆயருக்குரிய ஒழுக்கமாகும். அது திருச்சபையின் நீதியும் ஆகும்.

1. கேட்டல் என்னும் சொல்

எபிரேய மொழியில் ‘ஷாமா’ என்னும் வினை செவியால் கேட்டலையும் கீழ்ப்படிதலையும் ஒருங்கே குறிக்கும். கிரேக்கத்திலும் கேட்டலைக் குறிக்கும் ‘அக்கூவோ’ என்னும் வினையினின்றே கீழ்ப்படிதலைக் குறிக்கும் ‘ஹுப்பக்கூவோ’ பிறக்கிறது. நம் தமிழிலோ இச்சொல்லின் பொருள் இன்னும் விரிவுடையது. கேள் என்றால் செவிகொடு என்பதும், வினவு என்பதும், வேண்டிப் பெறு என்பதும், சொற்படி நட என்பதும் பொருளாம். பெரியோர் சொற்கேளாத பிள்ளை என்று நாம் கூறும்போது அப்பிள்ளையின் செவியைப் பழிப்பதில்லை.

நம் ஜெபத்தில் இப்பொருள்களுள் எது மேலோங்கி நிற்கிறது? வேண்டிப் பெறுதல் என்னும் ஒரு பொருள் மட்டுமே எஞ்சுமாயின், அங்கே கேட்டல் பாதியிலே நின்றுவிடுகிறது. அவா எப்பொழுதும் கடவுளிடம் கேட்கிறது. ஆனால் கடவுளைக் கேட்பதில்லை.

சிறுவன் சாமுவேலின் வரலாறு (1 சாமுவேல் 3) இங்குக் கருதத்தக்கது. அழைக்கும் குரல் மும்முறை வந்தும் அது யாருடையதென்று அவன் அறியவில்லை. ஏலியே அதனை உணர்ந்து அவனுக்கு வழிகாட்டுகிறான். அக்குரல் கொண்டுவந்த செய்தியோ ஏலியின் வீட்டுக்கு எதிரான தீர்ப்பு. தனக்கு இழப்பு விளைவிக்கும் சொல்லையும் மறைக்காமல் கூறும்படி சாமுவேலை அவன் வற்புறுத்துகிறான். வழிநடத்துதலைக் கேட்டறிய இளையோருக்கு மூத்தோர் துணை வேண்டும். ஆனால் அம்மூத்தோர் தம் நலத்தைப் பொருட்படுத்தாதவராய் இருத்தல் வேண்டும். ஏலியின் மற்றக் குறைகள் எவ்வாறாயினும், இப்பகுதியில் அவன் நல்லாசிரியனே.

2. பாரூக்கின் புலம்பல்

எரேமியாவின் நாற்பத்தைந்தாம் அதிகாரம் ஐந்தே வசனங்களைக் கொண்டது. அருளுரைகளில் அதிகம் எடுத்தாளப்படாதது. யோயாக்கீம் அரசனின் நான்காம் ஆண்டில், அதாவது கி.மு. 605 அளவில், தீர்க்கதரிசியின் சொற்களை ஏட்டில் எழுதிய பாரூக்குக்கு உரைக்கப்பட்ட செய்தி அது. தன் நோவோடு துயரமும் கூட்டப்பட்டது என்றும், இளைப்பாறுதல் காணவில்லை என்றும் அவன் புலம்புகிறான். அதற்கு ஆண்டவர், தாம் கட்டியதைத் தாமே இடித்து, நாட்டியதைத் தாமே பிடுங்கும் நாளில், அவன் தனக்கெனப் பெரியவற்றை நாடுவது தகுமோ என வினவி, அதனை விலக்குகிறார். செல்லுமிடமெங்கும் உயிர் மட்டும் காக்கப்படும் என்பதே அவன் பெற்ற வாக்கு.

பாரூக்கு யார் என்று அறிந்தால் இச்சொல்லின் கூர்மை விளங்கும். அவன் நேரியாவின் மகன், மாசெயாவின் பேரன் (32:12). இதே மரபுரிமையோடு குறிக்கப்படும் செராயா, சிதேக்கியா அரசனுடன் பாபிலோனுக்குச் சென்ற அரண்மனை அலுவலன் (51:59). ஆகவே இருவரும் உடன்பிறந்தோர் எனக் கொள்வது பொருந்தும். எழுத்தறிவும் குடிப்பிறப்பும் உடைய பாரூக்குக்கும் அரசவையில் இடம் கிடைத்திருக்கக்கூடும். அவனோ, அரசன் கத்தியால் அறுத்து நெருப்பிலிட்ட ஏட்டின் எழுத்தனாக, ஒளிந்து வாழ நேர்ந்தது (36). தன்னொத்தோர் உயர்வடையக் காணும் தொண்டனின் மனநோவை நாம் இங்குக் காண்கிறோம்.

இங்கே கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, கடவுள் அவனது நோவை ஏளனம் செய்யவில்லை. அவனுடைய சொற்களையே எடுத்துக் கூறிப் பின்னரே விடையளிக்கிறார். மற்றொன்று, அவனது நாட்டம் தீயதென்று கூறப்படவில்லை. கடவுள் அக்காலத்தில் செய்துவரும் செயலுக்குப் பொருந்தாதது என்றே உணர்த்தப்படுகிறது. கடவுளே தம் கைவேலையை இழந்து துயருறும் வேளையில், தொண்டன் தன் உயர்வைக் கணக்கிடலாகாது. வழிநடத்துதலைக் கேட்பவன் முதலில் வினவவேண்டியது, கடவுள் என்னை எங்கே உயர்த்துவார் என்பதன்று. இந்நாளில் கடவுள் எதைச் செய்துகொண்டிருக்கிறார் என்பதே.

3. இருவகை நாட்டம்

அவா அனைத்தையும் திருமறை கண்டிக்கிறது என்று கூறுதல் தவறாகும். பவுல் அடிகள் பயன்படுத்தும் இரு கிரேக்கச் சொற்கள் இதனைத் தெளிவாக்கும்.

முதலாவது, ‘எரித்தேயியா’. பிலிப்பியர் 2:3-இல் அவர் விலக்கும் தன்னலப் போட்டி இதுவே. முதல் அதிகாரத்திலும், தம் சிறையிருப்பை வாய்ப்பாகக் கொண்டு கிறிஸ்துவை அறிவித்தவர்களின் உள்நோக்கத்தைக் குறிக்க இச்சொல்லையே அவர் ஆளுகிறார். அதாவது, உண்மையான நற்செய்தியையும் இந்நோக்கத்தோடு உரைத்தல் கூடும். கூலியாளைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடைய இது, பதவிக்காக ஆள்பிடித்து ஆதரவு திரட்டுதலைக் குறித்தது. ஹெராயா என்னும் நகரில் இவ்வாறு ஆதரவு திரட்டியோரே தெரிந்தெடுக்கப்பட்டு வந்ததால், மக்கள் தேர்தலைக் கைவிட்டுச் சீட்டுப்போடும் முறைக்கு மாறினர் என்று அரிஸ்டாட்டில் தமது அரசியல் நூலில் குறிப்பிடுகிறார். நம் நாட்டிலும் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிப்பதோடு, பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்குகின்றன. பதவி நாட்டம் பொதுவாழ்வைக் கெடுக்கும் என்பதைப் பண்டையோர் நன்கறிந்திருந்தனர். திருச்சபைத் தேர்தல்கள் நீதிமன்றப் படியேறும் இந்நாளில் இதனை நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, ‘ஃபிலோதிமேயோமாய்’. ஒன்றை மதிப்புக்குரிய இலக்காகக் கொண்டு முயலுதல் என்பது இதன் பொருள். கிறிஸ்துவின் பெயர் அறியப்படாத இடங்களில் நற்செய்தி அறிவிப்பதையும் (ரோமர் 15:20), ஆண்டவருக்கு உகந்தவராய் இருப்பதையும் (2 கொரிந்தியர் 5:9), அமைதியாகத் தம் தொழிலைச் செய்வதையும் (1 தெசலோனிக்கேயர் 4:11) குறித்துப் பவுல் இதனை வழங்குகிறார். ஆகவே தீவிர முயற்சி விலக்கப்படவில்லை; அதன் இலக்கே மாறுகிறது. முன்னது பிறர் வகிக்கும் இடத்தை நாடுகிறது. பின்னது பிறர் செல்லாத இடத்தை நாடுகிறது.

4. நம் வரலாற்றுச் சான்றுகள்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த தானியேல் பூர் 1816-இல் இலங்கைக்கு வந்தவர். 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியின் தலைவராயிருந்து அதனைப் புகழுறச் செய்தவர். அத்தகையவர் 1830-களின் நடுவில் அப்பொறுப்பை விட்டு, 1834-இல் தொடங்கப்பட்ட மதுரை மிஷனுக்கு வந்து, ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிகளை நிறுவும் பணியில் ஈடுபட்டார். உயர்கல்வி நிறுவனத்தின் தலைமையிலிருந்து திண்ணைப் பள்ளிக்கு வருவது உலகின் கணக்கில் ஏற்றமன்று. 1841-இல் யாழ்ப்பாணம் திரும்பிய அவர், 1855-இல் மானிப்பாயில் வாந்திபேதியால் உயிர்நீத்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைச் சீமைக்கு வந்த தொண்டு அவரோடு முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பலாயினர். 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களின் மிஷனெரி ஆர்வத்தைக் கண்டு உள்ளம் தூண்டப்பெற்றார். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த இவர், சென்னையில் பட்டத் தேர்வை முடிக்காமலே கல்லூரியை விட்டு, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலராய்ப் பணியாற்றிவந்தார். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கமும், 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தோன்ற இவர் முன்னின்றார். பிறரை அனுப்பியவர் தாமே செல்லவேண்டும் என்னும் உணர்வு முதிர்ந்து, 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குச் சென்றார்; தெலுங்கைக் கற்றார். 1912-இல் இந்தியர்களுள் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான அவர், 1945-இல் மரிக்கும்வரை அம்மக்களிடையே தொண்டாற்றினார்.

1902-க்கும் 1909-க்கும் இடையே ஏழாண்டுகள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் பெற்ற தூண்டுதல் உடனே பயணமாக மாறவில்லை. சங்கங்களாகவும், நண்பர்களின் கலந்துரையாடலாகவும், திருச்சபையின் முடிவாகவும் வளர்ந்து, இறுதியில் அவர்மீதே திரும்பியது. அவா விரைகிறது, அழைப்போ காத்திருக்கவும் வல்லது.

மூன்றாவது சான்று வேறு வகையானது. 1925-இல் மதுரை மிஷனுக்கு வந்த ரால்ஃப் ரிச்சர்டு கெய்த்தான், காந்தியடிகளின் நண்பரான ரெஜினால்டு ரேனால்ட்ஸுக்கு விருந்தளித்ததன் தொடர்பில் 1930-இல் இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்தவர் 1944-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். நாடு விடுதலை பெற்றபின் மறுபடி வந்து, காந்திகிராமத்தைச் சூழ்ந்த சிற்றூர்களின் நலனுக்கு உழைத்தார். வழிநடத்துதல் சிலவேளைகளில் நம்மை அனுப்பிய அமைப்பின் வசதிக்கும் மாறாகச் செல்லும் என்பதற்கு இது சான்று.

5. கேட்டறியும் வழிகள்

இவற்றைத் தொகுத்து நோக்கினால் வழிகள் சில புலப்படும். முதலாவது, திருமறையின் போக்கு: சிலுவையின் திசைக்கு எதிராக ஓடும் வழிநடத்துதலை நாம் ஐயுறவேண்டும். இரண்டாவது, சபையின் கூட்டுச் செவி: அந்தியோகியாவில் உபவாசித்து ஆராதித்த சபையே பர்னபாவையும் சவுலையும் பிரித்தனுப்பியது (அப்போஸ்தலர் 13). துரோவாவில் தரிசனம் கண்டவர் பவுல் ஒருவரே; ஆனால் அது கடவுளின் அழைப்பே என முடிவுசெய்தவர் பலர். அவ்வசனத்தில் (16:10) ‘நாங்கள்’ என்னும் சொல் முதன்முறையாகத் தோன்றுவது எண்ணத்தக்கது. மூன்றாவது, மூடப்பட்ட வாயில்கள்: ஆசியாவிலும் பித்தினியாவிலும் தடுக்கப்பட்ட பின்னரே மக்கெதோனியாவின் குரல் கேட்டது. நான்காவது, பிறர் தேவை: அக்குரல் உதவிக்கான வேண்டுகோளாகவே வந்தது. நாம் பெறப்போவதைத் தவிர வேறெவர் தேவையும் ஓர் அழைப்பில் இல்லையெனில், அதனை அழைப்பு என்பது அரிது.

6. இரு எச்சரிக்கைகள்

முதலாவது, அவாவைக் கண்டிக்கும் போதனை அதிகாரத்தின் கைக்கருவி ஆகலாகாது. பிள்ளைகளின் கல்விக்காகவோ மனைவியின் மருத்துவத்துக்காகவோ நகரத்தில் இடம் வேண்டும் கிராம ஆயரைப் பதவி நாட்டம் உடையவர் எனல் அநீதி. அவரது வேண்டுகோள் தேவையாகும், அவாவன்று. தேவசித்தம் என்று கூறி அவரை வாயடைப்பவர், தம் முடிவுக்குக் கடவுளின் கையொப்பம் இடுகிறார்.

இரண்டாவது, தாழ்மை யாருக்குப் போதிக்கப்படுகிறது என்பதை நாம் கவனிக்கவேண்டும். பெண்களின் குருத்துவ அழைப்பு நெடுங்காலம் தகாத ஆசையென்றே கருதப்பட்டது. 2013-இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதற்பெண் பேராயர் நந்தியாலில் பொறுப்பேற்றபோது, திருச்சபை அவ்வழைப்பைக் கேட்க எத்தனை தலைமுறைகள் ஆயின என்பதும் வெளிப்பட்டது. சாதியால் தாழ்த்தப்பட்டோர் தலைமைக்கு முன்வருகையில் மட்டும் பேராசையைக் குறித்து அருளுரை பிறக்குமாயின், அங்கே கேளாச் செவி யாருடையது என்று ஆராய்தல் வேண்டும். பாரூக்குக்கு உரைக்கப்பட்ட சொல் ஏலி போன்றோரை நோக்கியும் உரைக்கப்படவேண்டும்.

ஆகவே அழைப்பைப் பற்றிய வினா அபேட்சகரின் நேர்காணலோடு முடிந்துவிடலாகாது. ஒவ்வொரு சேகர மாற்றத்தின் போதும், ஒவ்வொரு தேர்தலின் போதும், ஆயர் கூட்டங்களில் அது ஒருவரையொருவர் நோக்கி அன்போடு கேட்கப்படவேண்டும்: அங்கே கடவுள் என்ன செய்துகொண்டிருக்கிறார்? யாருடைய குரல் உம்மை அழைத்தது? உம்மோடு அதைக் கேட்டவர் யார்? நீர் விட்டுச்செல்லும் சபையை இனிப் பேணுபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கூற ஆயத்தமாயுள்ள தொண்டர், பெரும் பொறுப்பை ஏற்றாலும் சிற்றூரில் நிலைத்திருந்தாலும், அழைத்தவரின் சொற்கேட்டு நடப்பவராயிருப்பார்.