திருப்பிக் கொடுக்கப்படாத நினைவகம்: லினக்ஸில் பல ஆண்டுகள் மறைந்திருந்த ஒரு தவறு

கணினி மெதுவாகிவிட்டால் நம்மில் பெரும்பாலானோர் அதை அணைத்து மீண்டும் இயக்குகிறோம். அதுவும் சரிவராவிட்டால் கடைக்குக் கொண்டுபோய் ரேம் கூட்டிப் போடச் சொல்கிறோம். இரண்டிலும் சிறிது நிவாரணம் கிடைக்கும். ஆனால் ஏன் மெதுவானது என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை கிடைப்பதில்லை. அதற்கான காரணங்களில் ஒன்று ‘நினைவகக் கசிவு’. அதன் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது எப்படி நிகழ்கிறது, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை ஓர் உண்மைச் சம்பவத்தைக் கொண்டு பார்ப்போம்.

ஊர்ப் பள்ளிவாசலில் சஹன், கதிரை, பாத்திரங்கள் இருக்கின்றன. வலீமாவுக்கு எடுப்பவர் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுக்கிறார், வேலை முடிந்ததும் திருப்பி ஒப்படைக்கிறார். கணினியின் நினைவகமும் இப்படித்தான். மென்பொருள் தேவையான இடத்தைக் கேட்டுப் பெறுகிறது, முடிந்ததும் விடுவிக்கிறது. பெற்றதை விடுவிக்க மறந்தால் அந்த இடம் யாருக்கும் பயன்படாமல் முடங்கிப்போகும். கசிவு என்பது இதுதான். நினைவகம் எங்கும் ஒழுகிப்போவதில்லை. உள்ளேயே இருக்கிறது, ஆனால் கணக்கில் இல்லை.

சாதாரண மென்பொருளில் இது நடந்தால் பெரிய ஆபத்தில்லை. அந்த மென்பொருளை மூடியதும் பணிசெயல் முறைமை அதனிடமிருந்த நினைவகம் முழுவதையும் மீளப் பெற்றுக்கொள்ளும். ஆனால் கசிவு பணிசெயல் முறைமையின் கருவிலேயே, அதாவது கேர்னலிலேயே ஏற்பட்டால்? அதனிடமிருந்து மீளப் பெற அதற்கு மேல் யாருமில்லை. மறுபடி இயக்கும்வரை அந்த இடம் போனது போனதுதான். மாதக்கணக்கில் அணைக்கப்படாமல் ஓடும் சேவையகங்களுக்கு இது சிறிய விடயமல்ல.

லினக்ஸ் கேர்னலில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைமைகளில் மிகப் பரவலானது ‘எக்ஸ்ட்4’. உலகின் ஏராளமான சேவையகங்களும் பல அண்ட்ரொய்ட் கைபேசிகளும் இதைப் பயன்படுத்துகின்றன. 2006ஆம் ஆண்டு எக்ஸ்ட்3 என்ற பழைய முறைமையைப் பிரதியெடுத்தே இதன் பணிகள் தொடங்கின. இதற்குள் ஒரு கசிவு பல ஆண்டுகள் மறைந்திருந்தது. அது திருத்தப்பட்டது 2021ஆம் ஆண்டில்தான்.

தவறு இதுதான். ஒரு வன்தட்டை இணைக்கும்போது, அதிலுள்ள தரவுகள் எந்த அளவுத் துண்டுகளாக வைக்கப்பட்டுள்ளன என்பது கேர்னலுக்கு முன்கூட்டித் தெரியாது. அந்த விபரம் வன்தட்டின் தொடக்கத்திலுள்ள தலைமைப் பதிவில்தான் இருக்கிறது. எனவே முதலில் 1024 பைட்டு என்று வைத்துக்கொண்டு அந்தப் பதிவை நினைவகத்துக்குள் வாசிக்கிறது. வாசித்த பின்னர், உண்மையான அளவு 4096 பைட்டு என்று தெரியவந்தால், பழைய அளவில் வாசித்த அனைத்தையும் களஞ்சியத்திலிருந்து அகற்றிவிட்டுப் புதிதாக வாசிக்கிறது.

இங்கேதான் சிக்கல். அகற்றும் பகுதி, வேறொருவர் கையில் இருக்கும் எதையும் தொடாது. தொடவும் கூடாது. ஆனால் அந்த வேளையில் முதலில் வாசித்த தலைமைப் பதிவு எக்ஸ்ட்4இன் கையிலேயே இருந்தது. அகற்றும் வேலை முடிந்த பிறகுதான் அது கைவிடப்பட்டது. சஹன்களை எல்லாம் எண்ணி, பதிவேட்டையும் மூடிவிட்டுப் பொறுப்பாளர் போன பிறகு, ஒருவர் வந்து தன்னிடமிருந்த சஹனைப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போவது போல. கொடுத்தவரும் கொடுத்தார், எண்ணியவரும் எண்ணினார். இருவரிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த சஹன் இனி யாருடைய கணக்கிலும் இல்லை.

இது ஏன் இவ்வளவு காலம் தெரியவில்லை? ஒரு தடவை இணைத்தால் வீணாவது ஏறத்தாழ 4 கிலோபைட்டுதான். நம் வீட்டுக் கணினி இயங்கத் தொடங்கும்போது ஒருமுறை வன்தட்டை இணைப்பதோடு சரி. ஜிகாபைட்டுக் கணக்கில் நினைவகம் உள்ள இயந்திரத்தில் இதை யார் கவனிப்பார்? ஆனால் நவீன சேவையகங்களில் வன்தட்டுகள் திரும்பத் திரும்ப இணைக்கப்பட்டு நீக்கப்படலாம். அத்துடன், இன்றைய லினக்ஸ் ஒவ்வொரு சேவையையும் தனிக் குழுவாக்கி அதன் நினைவகச் செலவைத் தனிக் கணக்காக வைக்கிறது. ஒரு பக்கம் விடுவிக்கப்படாமல் இருந்தால் அந்தக் குழுவின் கணக்கையும் மூட முடியாது. சிறு கசிவு பெரிதாகி வெளியே தெரிந்தது இப்படித்தான்.

இதுபோன்ற கசிவைத் தேடும் முறையிலும் நாம் கற்க வேண்டியவை உண்டு. முதல் வேலை, இது கசிவுதானா என்று உறுதிசெய்வது. லினக்ஸ், சும்மா கிடக்கும் நினைவகத்தில் அண்மையில் வாசித்த கோப்புகளை வேண்டுமென்றே வைத்துக்கொள்ளும். அதைக் கண்டு பலர் வீணாகப் பதறுகிறார்கள். அவற்றை விடுவிக்கும்படி கேர்னலுக்குக் கட்டளையிட்டதும் இடம் திரும்பக் கிடைத்தால் கசிவு இல்லை. கிடைக்காவிட்டால், எந்த வகைப் பொருட்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்று கேர்னலின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

உதவிக்குக் கருவிகளும் உள்ளன. 2009இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட ‘கேமெம்லீக்’ வழமையாக 10 நிமிடங்களுக்கு ஒருமுறை நினைவகத்தைத் துழாவுகிறது. ஒதுக்கப்பட்ட ஓர் இடத்தின் முகவரி வேறெங்கும் குறித்து வைக்கப்படவில்லை என்றால், அது தொலைந்துபோனதாக இருக்கலாம் எனச் சந்தேகித்து அறிவிக்கிறது. அந்த இடத்தைக் கேட்டுப் பெற்றது நிரலின் எந்தப் பகுதி என்பதையும் காட்டுகிறது. ஆனால் முழுப் பக்கங்களாக நேரடியாக எடுக்கப்படும் நினைவகத்தை அது கண்காணிப்பதில்லை. ஆகவே கருவியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

எக்ஸ்ட்4 கசிவை வெளிக்காட்டும் வழி மிக எளிமையானது. வன்தட்டை இணை, நீக்கு, மீண்டும் இணை, மீண்டும் நீக்கு என்று முடிவின்றிச் செய்யவைத்து நினைவகத்தைக் கவனிப்பது. ஒருமுறை செய்தால் தெரியாதது ஆயிரம் முறை செய்தால் தெரியும். தீர்வும் எளிமையானதே: கையிலிருப்பதை முதலில் விடு, பிறகு அகற்று. புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை, செய்யும் ஒழுங்குதான் மாற்றப்பட்டது.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் பலர் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கிறார்கள். அங்கே பயன்படும் பைதன் மொழி நினைவகத்தைத் தானாகவே விடுவித்துக்கொள்கிறது. அது வசதிதான். ஆனால் எடுத்ததை யாராவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதே பல மாணவர்களுக்குத் தெரியாமல் போகிறது. சரியான வெளியீடு வந்தால் புள்ளி கிடைக்கும். வேலை முடிந்த பின் அந்த நிரல் எதை விட்டுச் செல்கிறது என்று நாம் கேட்பதில்லை. அமானிதம் பற்றிச் சிறுவயதிலேயே கற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. அதைக் கணினி அறைக்குள் கொண்டுவருவதுதான் ஆசிரியர்களான நம் வேலை.

லினக்ஸின் நிரல் முழுவதும் யாரும் வாசிக்கத் திறந்தே இருக்கிறது. 2021இல் செய்யப்பட்ட அந்தத் திருத்தத்தையும் அதற்கான விளக்கத்தையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உயர்தர மாணவர்களுக்கு ஒரு பாடவேளையில் அதைத் திரையில் காட்டி, ‘எந்த வரி எங்கே நகர்ந்திருக்கிறது, ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். கணினி மெதுவானால் ரேம் வாங்குவோரை மட்டுமன்றி, காரணத்தைத் தேடிச் செல்வோரையும் நம் பாடசாலைகள் உருவாக்க வேண்டும்.