பூச்சிகளின் படைக்கலம்

நுண்ணுயிர்கள் நிறைந்த மண்ணிலும் இலையிலும் வாழும் பூச்சிகள் நோயுறாமல் தப்புவது எவ்வாறு? மனிதரைப் போல் எதிர்ப்பொருள்களை உருவாக்கும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. இதற்கு விடை தேடிய சுவீடன் நாட்டு அறிவியலாளர் ஹான்ஸ் போமனும் அவர்தம் குழுவினரும் செக்ரோப்பியா என்னும் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவினுள் பாக்டீரியாவைச் செலுத்தி ஆராய்ந்தனர். அதன் குருதியில் பாக்டீரியாவைக் கொல்லும் சிறு பெப்டைடுகள் தோன்றின. அவற்றைச் ‘செக்ரோப்பின்’ எனப் பெயரிட்டு 1981ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தனர்.

நேர்மின்னூட்டம் கொண்ட இப்பெப்டைடுகள், எதிர்மின்னூட்டம் மிக்க பாக்டீரியாவின் சவ்வில் ஒட்டி அதனைச் சிதைக்கின்றன. உள்ளிருக்கும் பொருள்கள் கசிய, பாக்டீரியா மடிகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பல ஆற்றல் இழந்துவரும் இந்நாளில், சிற்றுயிரின் இப்படைக்கலம் புதிய மருந்துகளுக்கு வழிகாட்டக்கூடும் என அறிவியலாளர் ஆராய்ந்து வருகின்றனர்.