பெட்டியில் வரும் குசினி அலுமாரி: எது மிச்சம், எது நட்டம்?

குசினியைத் திருத்திக் கட்டும்போது பென்ட்ரி அலுமாரிக்கே பெருந்தொகை போய்விடுகின்றது. எனவேதான் துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து, வீட்டில் வைத்துப் பொருத்திக்கொள்ளும் மலிவு அலுமாரிகளைப் பலரும் நாடுகின்றனர். வாங்குபவரும் சரி, விற்கும் நமது வர்த்தகர்களும் சரி, முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இப்பொருள் எதனால் மலிவாகின்றது?

இதற்கு நியாயமான காரணமும் உள்ளது. சுவீடனின் ஐகியா நிறுவனம் 1956இல் கால்களைக் கழற்றிய மேசையைத் தட்டையான பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. பூட்டிய அலுமாரியை லொறியில் ஏற்றினால் பெரும்பகுதி வெறும் காற்றுக்கே கூலி கொடுக்கின்றோம். கழற்றி அடுக்கினால் அதே லொறியில் பல மடங்கு ஏறும். பொருத்தும் கூலியும் குறையும். இந்த மிச்சத்தால் எவருக்கும் பாதிப்பில்லை.

ஆனால் பலகையிலும் பிணைச்சலிலும் கைவைத்து விலையைக் குறைத்திருந்தால், அது மிச்சமல்ல. பின்னால் வரப்போகும் செலவு. கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு புறம் கடல், மறுபுறம் களப்பு. குறிஞ்சிப்பிட்டி போன்ற நமது ஊர்களில் உப்புக் காற்று மலிவான இரும்புப் பிணைச்சலை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடிக்காத உருக்குப் பிணைச்சலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவாகாது.

அடுத்தது பலகை. சிப் போர்ட் என்பது மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்தியது. நீர் புகுந்தால் ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, திருகாணியும் பிடிக்காது. ஈரம் தாங்கும் பலகைக்கு உள்ளே பச்சைச் சாயம் சேர்ப்பது வழக்கம். எனினும் சாயம் மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. ஈரம் தாங்கும் என்பதற்கு நீரில் ஊறலாம் என்பதும் பொருளல்ல.

நீர் உட்புகுவது வெட்டு முனைகளால்தான். நாலு ஓரமும் பட்டி ஒட்டி மூடப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். சிங்க் குழாய்க்காக வெட்டும் துளையின் ஓரத்தைச் சிலிக்கனால் அடைக்கச் சொல்லுங்கள். நமது வீடுகளில் குசினித் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். ஆகவே அலுமாரி தரையில் படாமல், சுமார் 10 சென்ரிமீற்றர் உயர்ந்த பிளாஸ்ரிக் கால்களில் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் விலையுயர்ந்த பலகையில் செய்யத் தேவையில்லை. சிங்க்கின் கீழுள்ள பெட்டியை மட்டும் நீர் தாங்கும் பிளைவுட்டிலோ அலுமினியத்திலோ செய்துகொள்ளுங்கள். சுவரில் தொங்கும் மேல் பெட்டிகளுக்கு மலிவுப் பலகை போதும். ஆனால் அவற்றைச் சுவரில் பிடிக்கும் ஆணியில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. என்ன பலகை, என்ன பிணைச்சல் என்பதை பில்லில் எழுதிக் கொடுங்கள். உதிரிப் பாகங்களையும் கையிருப்பில் வையுங்கள். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. பல பொருட்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. அப்படியொரு காலத்தில் ஒரு பிணைச்சல் கிடைக்காவிட்டால் முழு அலுமாரியும் பயனற்றுக் கிடக்கும். குறை கடைக்காரர் மீதே வரும்.

பணம் கட்டுமுன் கடையில் ஒரு துண்டுப் பலகை கேட்டு வாங்குங்கள். தடிப்பை அளந்துவிட்டு, இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். அதிகம் ஊதியிருந்தால் அந்தப் பலகை உங்கள் சிங்க்கின் கீழ் வேண்டாம்.