வெள்ளம் வடிந்த பூங்கா

மண் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் காற்று தங்கியிருக்கிறது. மரத்தின் வேர்கள் மூச்சுவிடுவது அந்தக் காற்றைக் கொண்டுதான். வெள்ளம் சூழ்ந்ததும் அந்த இடத்தை முழுவதும் நீர் பிடித்துக்கொள்கிறது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மண்ணில் மிஞ்சியிருந்த ஆக்சிஜனை வேர்களும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிட, ஆக்சிஜன் இல்லாமலேயே வாழக்கூடிய பாக்டீரியாக்கள் அங்கே பெருகுகின்றன. நீர் வடிந்த பூங்காக்களில் பல நாள் வீசும் அழுகிய முட்டை நாற்றம் அவற்றால் வருவது. வேர் அழுகிய மரம், அடியில் அவ்வளவு ஈரம் இருந்தும் அதை உறிஞ்ச முடியாமல் வாடுகிறது. இலை மஞ்சளாகித் தொங்குவதைக் கண்டு தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினால் நிலைமை இன்னும் கெடும்.

சென்னையில் இந்தச் சோதனையைப் பெரிய அளவில் கண்ட ஆண்டு 2015. அந்த நவம்பரில் மட்டும் நகரில் நூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. வழியெங்கும் கரை தாண்டிய அடையாறு, கடலில் கலக்கும் முன் கடைசியாகக் கடந்துபோன இடங்களில் இரண்டு பெரும் பசுமைப் பரப்புகள் உண்டு. தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் தோட்டம். வடக்கே, கழிமுகத்தின் கிளையான ஓடையை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா.

இரண்டும் வெள்ளத்தைச் சந்திக்கும் விதம் ஒன்றல்ல. பிரம்மஞான சபையின் வளாகம் பல நாட்டு மரங்களை ஓரிடத்தில் சேர்த்து வளர்த்த பழைய தோட்டம். ஆற்றை ஒட்டிய பகுதி மூழ்கினால் சேறும் குப்பையும் அங்கே தங்கும். ஈரம் பழகாத மரங்களின் வேர் தளரும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஓராண்டே ஆன நிலையில், 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் வந்து அங்கிருந்த ஏராளமான மரங்களைச் சாய்த்தது. நடுவில் கிடைத்த ஓராண்டு, பெரிய மரங்கள் வேர் ஊன்றித் தேறப் போதுமானதல்ல. இங்குள்ள புகழ்பெற்ற ஆலமரத்துக்கும் இழப்பு புதியதல்ல. அதன் தாய்மரம் 1989-இல் புயலில் விழுந்தது. தரையைத் தொட்டு ஊன்றிய விழுதுகளே இன்று அந்த மரத்தைத் தாங்கி நிற்கின்றன.

தொல்காப்பியப் பூங்கா 2011 ஜனவரி 22 அன்று அன்றைய முதல்வர் மு. கருணாநிதியால் திறக்கப்பட்டது. 58 ஏக்கர் பரப்புள்ள இந்த இடம் அதற்கு முன் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிய நிலமாகக் கிடந்தது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வனக் குழுவினரின் திட்டத்தின்படி இடிபாடுகளை அகற்றி, நீர்நிலைகளை ஆழப்படுத்தி, கடற்கரைக் காட்டுக்குரிய நாட்டு மரங்களையும் அலையாத்தி வகைகளையும் நட்டார்கள். நீர் வந்து போக வேண்டிய இடம் என்று ஏற்றுக்கொண்டே உருவாக்கிய பூங்கா இது. ஆகவே மழைக்காலத்தில் இங்கே நீர் ஏறுவது இயல்பு. அலையாத்தி மரங்களில் பலவும் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டி, அவற்றின் துளைகள் வழியே காற்று வாங்குகின்றன. பூவரசு, புங்கம், நீர்மருது போன்ற மரங்களுக்கும் சில நாள் நீர் நிற்பது பெரிய கேடில்லை. வேம்பும் பப்பாளியும் அப்படித் தாங்காது. எந்த நிலத்தில் எந்த மரம் என்பதை ஆற்றுக்கரைப் பூங்காக்கள் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்; வெள்ளத்துக்குப் பிறகு செய்யும் எந்தச் சிகிச்சையும் அதற்கு ஈடாகாது.

ஆற்றிலிருந்து தள்ளி இருக்கும் பூங்காக்களின் நிலை வேறு. உதாரணமாக, தியாகராய நகரே 1920-களில் மாம்பலம் ஏரியின் பரப்பைத் தூர்த்து அமைத்த பகுதி. 2021 நவம்பரில் மாம்பலம் கால்வாய் நிரம்பித் தெருக்கள் குளமானபோது, நீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வந்ததாகவே நகர வரலாறு அறிந்தோர் பேசிக்கொண்டார்கள். அதன்பின் மாநகராட்சி தன் பூங்காக்கள் பலவற்றில் குளம் தோண்டி, சுற்றுப்புற மழைநீரை அதில் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் முறையைப் புகுத்தியது. சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் இதன் பெரிய வடிவம் உண்டு. அங்கே காங்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆற்றை உடைத்து, 2012-இல் வளைந்தோடும் இயற்கை ஆறாக மாற்றினார்கள். கனமழையில் புல்வெளி ஆற்றுக்கு ஒதுங்கிக் கொடுக்கிறது; எச்சரிக்கை ஒலி கேட்டதும் மக்கள் மேட்டுக்கு ஏறிவிடுகிறார்கள்.

நீர் வடிந்ததும் பூங்காவைச் சீக்கிரம் திறக்கச் சொல்லி நடைப்பயிற்சி செய்வோரும் பிள்ளைகளும் கேட்பது நியாயமே. ஆனால் ஈர மண்ணில் விழும் ஒவ்வொரு காலடியும் கனரக வண்டியின் சக்கரமும் மிச்சமிருந்த இடைவெளிகளை நசுக்கி, மண்ணை இறுக்கிவிடும். மூழ்கியிருந்த நாள்களைவிட இந்த இறுக்கமே நீடித்த சேதம். மூச்சுத் திணறித் தப்பிய வேருக்கு அது மறுபடியும் வாயைப் பொத்துவது போன்றது. கையில் பிசைந்தால் உருண்டையாகாமல் உதிரும் அளவுக்கு மண் காய்ந்தபின் திறப்பதே முறை.

அதற்குள் தோட்டக்காரர்களுக்கு வேலை குவிந்துவிடும். முதல் வேலை வடிகாலைத் திறந்துவிடுவது. பிறகு அடிமரத்தைச் சுற்றிப் படிந்த வண்டலைக் கையாலேயே விலக்கி, பழைய மண்மட்டத்தை வெளிக்கொணர வேண்டும். சில அங்குல வண்டல்கூட மேல்வேர்களை மூச்சடைக்கச் செய்யும். சாய்ந்த இளமரங்களை நிமிர்த்தி முட்டுக் கொடுப்பதும், முறிந்த கிளைகளைக் கவாத்து செய்வதும், நெகிழிக் குப்பையைப் பொறுக்குவதும் அடுத்தடுத்து நடக்கும். உரத்துக்கு அவசரமில்லை. புதிய வேர் பிடிக்கும்வரை செடியால் அதை ஏற்க முடியாது. அடையாற்றின் முகத்துவாரத்தில், ஏரிகளிலிருந்து அடித்து வரப்பட்ட ஆகாயத்தாமரை கரையில் குவிந்து கிடக்கும். உப்புநீர் பட்டதும் அது தானே மடிந்துவிடும்; அழுகுமுன் அள்ளிவிடுவது நல்லது.

இந்தச் சமயத்தில் பூங்காவுக்குப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சென்னையின் வெள்ளநீரில் கழிவுநீரும் கலந்திருப்பதால் காலில் கீறல் உள்ளவர்களுக்கு எலிக்காய்ச்சல் தொற்றும் ஆபத்து உண்டு. செருப்பைவிட மூடிய காலணியே ஏற்றது. பாம்புகள் வெள்ளத்துக்குத் தப்பி மேடுகளிலும் சருகுக் குவியல்களிலும் தஞ்சம் புகுந்திருக்கும். பாதி முறிந்து தொங்கும் கிளைக்குக் கீழே நிற்கக் கூடாது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வருகிறவர்களுக்குப் பார்க்க நிறைய இருக்கும். தண்ணீர் குறைந்த ஓரங்களில் மடையானும் கொக்கும் மீன் தேடும். சேற்று மேட்டில் நண்டுகள் வளையைப் புதுப்பிக்கும். இலையுதிர்த்த மரங்களின் கிளைநுனியில் தளிர் விடும்.

அந்தத் தளிரை நம்பி மரம் பிழைத்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. தண்டில் சேமித்திருந்த சத்தைச் செலவழித்து ஒருமுறை துளிர்த்த மரம், வேர் தேறாவிட்டால் அடுத்த கோடையிலேயே பட்டுப்போகும். பெரிய மரங்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளியும் சாய்வதுண்டு. ஆகவே தேர்ந்த தோட்டக்காரர்கள் வெள்ளத்தில் பட்டுப்போன மரங்களின் கணக்கை உடனே எழுதி முடிப்பதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு, இன்னொரு கோடையும் இன்னொரு வடகிழக்குப் பருவமழையும் கழிந்த பிறகே எதை வெட்டுவது, அந்த இடத்தில் எதை நடுவது என்று முடிவு செய்கிறார்கள்.