மடித்து லாரியில் வரும் வீடு: சொந்த வீட்டுக்கு மாற்றாகுமா?

லாரியில் இருந்து ஒரு பெரிய பெட்டி இறங்குகிறது. நாலைந்து பேர் சேர்ந்து இரு பக்கச் சுவர்களையும் இழுத்து விரிக்கிறார்கள். சில மணி நேரத்தில் ஹால், படுக்கையறை, குளியலறையோடு வீடு ரெடி! இப்படி ஒரு வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். ‘வாடகை கட்டுற காசுக்கு இதையே வாங்கிப் போட்டுடலாமே’ என்று பலருக்கும் தோன்றும். அது நடக்கிற காரியமா?

ஏன் மடிக்கிறார்கள்?

எல்லாம் சாலைக்காகத்தான். லாரியில் ஏற்றும் சரக்கு சுமார் எட்டரை அடி அகலத்தைத் தாண்டினால், பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும். அமெரிக்காவின் லாஸ் வேகஸில் உள்ள பாக்ஸபிள் நிறுவனத்தின் ‘காசிட்டா’ வீடு, மடித்தால் எட்டரை அடி அகலம்தான். விரித்தால் ஏறக்குறைய 20 அடிக்கு 20 அடி. குழாயும் வயரும் அதிகம் உள்ள சமையலறை, குளியலறை இரண்டும் மடியாத பகுதியில் இருக்கும். விரிவது மீதி இடம் மட்டுமே.

சுவர்கள் பெரும்பாலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த பேனல்கள். கட்டுமான சைட்டுகளில் நாம் பார்க்கும் போர்ட்டா கேபினின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

விலையில் சேராதவை

காசிட்டாவின் அறிமுக விலை 49,500 டாலர். ஆனால் அது பெட்டிக்கு மட்டும். மனை, அடித்தளம், லாரி வாடகை, தண்ணீர், மின் இணைப்பு, கழிவுநீர் வசதி, அனுமதி எல்லாம் தனி. நகரங்களில் வீட்டு விலையை ஏற்றுவது செங்கலும் சிமென்ட்டும் மட்டுமல்ல, மனையும்தான். மடிக்கும் வீடு மிச்சப்படுத்துவது நேரத்தை. மனை விலையில் ஒரு ரூபாயைக்கூட அது குறைக்காது.

யாருக்கு ஏற்றது?

அவசரத்துக்கு ஏற்றது. 1995-ல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, தொழிற்சாலையில் பாகங்களைச் செய்து எடுத்துவந்து, சில மாதங்களில் சுமார் 48,000 தற்காலிக வீடுகளை நிறுத்தினார்கள். ஆனால் அவற்றில் இருந்து கடைசிக் குடும்பம் வெளியேற 2000-ம் ஆண்டு ஆகிவிட்டது. ‘தற்காலிகம்’ என்பது சில நேரம் ஐந்து வருடம் நீளும். எனவே தரத்தில் சமரசம் கூடாது. சைட் ஆபீஸ், பண்ணை வீடு, வீட்டுப் பின்புறம் கூடுதல் அறை போன்றவற்றுக்கும் இது பொருந்தும்.

முன்பணம் கொடுக்கும் முன்...

* பேனலின் தடிமன் என்ன? உள்ளே என்ன நுரை, தீப்பிடித்தால் என்ன ஆகும்?
* மடிப்பு மூட்டுகளில் மழைநீர் கசிந்தால் யார் பொறுப்பு?
* காற்றடித்தால் நகராதபடி அடித்தளத்தோடு எப்படிப் பிணைப்பார்கள்?
* உள்ளாட்சி அனுமதி வேண்டுமா? வங்கி வீட்டுக் கடன் தருமா?

இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மனை கையில் இருந்து, அவசரமும் இருந்தால் இது நல்ல வழி. மனையே இல்லாதவருக்கு இது வீடு இல்லைங்க, வைக்க இடமில்லாத பெட்டி!