கடற்கரைக்கு ஒரு வீட்டு வண்டி

கொல்லிமலையின் எடப்புளி நாட்டிலிருந்தும் அதன் அண்டை நாடுகளிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர், "எங்கள் பாட்டி கடலைக் கண்டதேயில்லை, ஒருமுறை அழைத்துச் சென்று காட்டல் வேண்டும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்ஙனம் செல்ல விழைவோர்க்குப் பகற்பொழுதால் வரும் இடர் சிறிது; இராப்பொழுதால் வருவதே பெரிது. முதியோரும் குழந்தைகளுமாகப் பத்துப்பேர் இரண்டு இரவு விடுதியில் தங்குவதாயின், கைப்பொருளில் பெரும்பகுதி அறை வாடகைக்கே போய்விடும். ஆகவே உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்தி, அதிலேயே கடலோரத்தில் தங்கலாகாதா என்ற எண்ணம் எழுவது இயல்பே. இத்தகைய வண்டியை மேனாட்டார் காரவான் என்பர். நம் நாட்டாரோ இதனைச் சினிமா நடிகர் இளைப்பாறும் கேரவன் என்ற அளவிலேயே அறிந்திருக்கின்றனர். இதனைக் குறைந்த செலவில் அமர்த்துவது எங்ஙனம் என்பதையும், அமர்த்துமுன் ஆராய வேண்டுவன இவை என்பதையும் ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

வண்டியிற் குடியிருத்தல் நமக்குப் புதிதன்று. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குச் சென்று, வண்டிக்குள் பெண்டிரும் குழந்தைகளும், வண்டிக்கடியில் ஆடவருமாகப் படுத்துறங்கி மீண்டவர் நம் முன்னோர். மேனாட்டில் இன்பச் செலவுக்கென்றே இவ்வகை வண்டி செய்வித்தவர்களுள் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். 1885ஆம் ஆண்டில் அவர் குதிரை பூட்டிய வீட்டு வண்டியொன்றில் இங்கிலாந்தைச் சுற்றினார். கொல்லிமலையிலேயே ஜெஸ்ஸி பிராண்டு ஐயரும் அவர் மனைவியாரும், வண்டிப் பாதை இல்லாத அக்காலத்தில், கூடாரத்தைச் சுமந்து ஊர் ஊராகத் தங்கி மருத்துவமும் ஊழியமும் செய்தனர். 1929இல் அவர் இம்மலையிலேயே காய்ச்சலால் உயிர் நீத்தார். நம் காலத்திலோ, கேரள அரசு 2021ஆம் ஆண்டில் காரவான் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டுச் சுற்றுலாக் கொள்கையும் 2023ஆம் ஆண்டில் இதற்கு இடம் தந்தது.

இனிக் காரியத்திற்கு வருவோம். மலையிலிருந்து புறப்படுவோர் முதற்கண் தீர்மானிக்க வேண்டியது, வண்டி மலைமேல் வரவேண்டுமா என்பதாகும். வேண்டா என்பதே என் கருத்து. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70 உள்ளன. நீண்ட உடலும், நீர்த்தொட்டி, கட்டில், மின்கலம் ஆகியவற்றின் பாரமும் கொண்ட வண்டிக்கு அவ்வளைவுகள் தகுதியானவை அல்ல. நீர் மட்டுமே 100 லிட்டர் கொண்டால் 100 கிலோ பாரம் ஏறிவிட்டது. இறக்கத்தில் இப்பாரம் முழுவதையும் தடைக்கட்டைகள் தாங்கிச் சூடேறும். ஆகவே செம்மேட்டிலிருந்து பேருந்தில் நாமக்கல்லுக்கு இறங்கி, ஆங்கே வண்டியேறுதல் நலம். அங்கிருந்து திருச்சி, தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக் கடற்கரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

வாடகையிலேதான் பலர் ஏமாறுகின்றனர். 'நாளொன்றுக்கு இவ்வளவு' என்ற தொகையை மட்டும் கேட்டு மகிழ்தல் போதாது. காரவான்கள் பெரும்பாலும் பெங்களூர், சென்னை போன்ற பெருநகரங்களிலேயே கிடைக்கும். பெங்களூரிலிருந்து நாமக்கல்லுக்கு வண்டி வெறுமையாக வரும் தூரம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர், திரும்பும்போதும் அவ்வளவே. நாம் கடலுக்குச் சென்று மீளும் தூரமோ 500. ஆக, நாம் ஏறியமர்ந்து செல்லும் தூரத்துக்கு ஒப்பாக, ஆளில்லாமல் ஓடும் தூரத்துக்கும் பணம் கொடுக்கின்றோம். வண்டி எந்தக் கொட்டகையிலிருந்து புறப்படுகிறதோ அங்கிருந்தே கணக்குத் தொடங்கும் என்பதை யானும் ஒருமுறை பணம் கொடுத்த பின்னரே கற்றேன்.

மற்றொன்று, 'குறைந்த அளவு ஓட்டம்' என்னும் நிபந்தனை. சுற்றுலா வேன்காரர் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் என்பதுபோல ஓர் அளவைக் கட்டாயமாக வைத்துக் கணக்கிடுவதுண்டு. மூன்று நாட்பயணத்துக்கு அது 750 ஆகிறது. நாம் நடுநாள் முழுவதும் கடலோரத்தில் நின்றிருப்போம். உண்மையில் ஓடுவது 500 சொச்சமே. நிற்பதற்காகவே போகிறவர்கள், நின்ற நாளுக்கு ஓட்டக்கூலி கொடுப்பது வியப்பன்றோ! ஆதலின், நின்ற நாளுக்குத் தனி வாடகை பேசுக; உடன்படாராயின், கொண்டுபோய் விடவும் மூன்றாம் நாள் வந்து அழைக்கவும் இருமுறையாக வண்டி பேசிக் கணக்கிட்டுப் பார்க்க. ஓட்டுநர் பேட்டா, சுங்கச் சாவடிக் கட்டணம், வரி, வேற்று மாநில அனுமதிக் கட்டணம் ஆகியன வாடகையில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குக. காரைக்காலுக்குள் நுழைந்தாலே அது புதுச்சேரி ஆட்சிப்பகுதி என்பதை மறவற்க.

உண்மையில் மலிவான வீட்டு வண்டி, ஓடாத வண்டியே. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தார் 2020ஆம் ஆண்டில் மூணாற்றில் பழைய பேருந்துகளைப் படுக்கை வண்டிகளாக மாற்றிப் பணிமனையில் நிறுத்தி வைத்தனர். தொடக்கத்தில் படுக்கையொன்றுக்கு ஓரிரவுக்கு 100 ரூபாயே வாங்கினர். எஞ்சின் ஓடாமையாலும் டீசல் எரியாமையாலும் அத்துணைக் குறைவு கூடிற்று. ஏழைக் குடும்பத்தார்க்கு யான் கூறுவதும் இதுவே: சாதாரண வேனொன்றில் கடலுக்குச் செல்க; வேனில் முதியோரும், பக்கத்துக் கூடாரத்தில் இளைஞரும் உறங்குக. இதுவே நம் கூண்டு வண்டி முறை.

வண்டியின் எண்பலகையையும் நோக்குக. டீசல், பெட்ரோல் வண்டிகளுள் வாடகைக்கு விட உரிமை பெற்றவை மஞ்சட் பலகையில் கறுப்பெழுத்து உடையன. நாமே ஓட்டிச் செல்லுமாறு வாடகைக்கு விடப்படுவன கறுப்புப் பலகையில் மஞ்சளெழுத்து உடையன. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்குரியது. அதனைக் குறைந்த கூலிக்குத் தருவோர் உளர். ஆயின், விபத்து நேரின் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியார் பொறுப்பேற்க மறுக்க இடமுண்டு.

இரவைப் பற்றிச் சற்று விரித்துரைப்பேன். உயிர் பற்றிய செய்தி ஆதலின். வண்டி நிற்கையில் விளக்குக்கும் விசிறிக்கும் தனி மின்கலம் உண்டு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈயக் கலத்தில் 1200 வாட்-மணி ஆற்றல் அடங்கும். கலம் கெடாதிருக்க அதில் பாதியே, அஃதாவது 600, எடுக்கத் தகும். 30 வாட் விசிறிகள் இரண்டு எட்டு மணி நேரம் சுழல 480 வேண்டும்; இரவு கழிந்துவிடும். குளிர்சாதனமோ 1000 வாட்டுக்குக் குறையாமல் உண்ணும். அரைமணி கடந்ததும் கலம் வெறுமையாகும். ஆகவே குளிர்சாதனம் வேண்டுவோர் வெளி மின்னிணைப்பை நாட வேண்டும். அன்றேல் ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய காரவானில் உறங்கிய இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரினின்று கசிந்து உட்புகுந்த கார்பன் மோனாக்ஸைடே காரணம் என்று ஆராய்ந்தோர் கண்டனர். அவ்வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோன் விழியாமலே மாள்வான். ஆகவே ஆளுறங்கும் வண்டியில் ஜெனரேட்டர் ஓடலாகாது. கடற்கரையில் இராக்காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும். சாளரம் மேற்கு நோக்குமாறு வண்டியை நிறுத்திக் கொசுவலை கட்டினால் விசிறியே போதும்.

அடுப்பும் அவ்வாறே. 2023 ஆகஸ்டு 26ஆம் நாள் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியொன்றில், மறைத்துக் கொண்டுவந்த எரிவாயுச் சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பதின்மர் மாண்டனர். அவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையிலே தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சமையல் வண்டிக்கு வெளியே நடக்கட்டும்.

காலமும் இடமும் இனி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கீழ்க்கரை மழைக்கும் புயலுக்கும் உரியது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரணியத்தருகே கரை கடந்ததை அறிவோம். பிப்ரவரி, மார்ச்சு மாதங்கள் ஏற்றவை. அப்பொழுது கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். குஞ்சுகள் விளக்கொளியைக் கண்டு கடலுக்குச் செல்லும் வழி தவறும். ஆதலின் வண்டி விளக்கைக் கரைப்புறம் எரிய விடலாகாது. மீனவர் வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் அவர்க்குத் தொழிற்களம். ஊர்ப் பெரியோரைக் கேட்டே நிறுத்துக. தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டை நிற்கின்றது. 1706 ஜூலையில் சீகன்பால்கு ஐயர் இறங்கியதும் அவ்வூரே. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அந்நாகைக் கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு சென்றது. நிலம் நடுங்கினாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், வண்டியைப் பாராது மேட்டுக்கு ஓடுக. ஐயாற்றில் நீந்தியறிந்த மலைப் பிள்ளைகட்குக் கடலின் உள்ளிழுப்புத் தெரியாது. முழங்காலளவுக்கு மேல் விடற்க.

ஓட்டுநர்க்கும் படுக்கை ஒதுக்குக. இரவெல்லாம் இருக்கையிலே சாய்ந்து கிடந்தவன் மறுநாள் 250 கிலோமீட்டர் ஓட்டுவது தகாது. திரும்பும் வழியில் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவச் செய்க. உப்புத் துரு என்று சொல்லி முன்பணத்தைப் பிடித்துக்கொள்வோர் உளர். ஏறுமுன்னும் இறங்குமுன்னும் படமெடுத்து வைப்பது நன்று.