நஞ்சேறிய வயலை மீட்க 33 ஆண்டுகள்

ஜப்பான் நெல் விவசாயிகளின் அனுபவம்

ஜப்பான் முறை நெல் சாகுபடியை நம் விவசாயிகள் 1950களிலேயே அறிவார்கள். அந்த ஜப்பானிலேயே, விளைந்த நெல்லை உண்ண முடியாமல் போன ஒரு வட்டாரம் உண்டு. டோயாமா மாகாணத்தில் பாயும் ஜின்சு ஆற்றின் பாசனப் பகுதி அது. அங்கு வயலில் சேர்ந்த நஞ்சை அகற்ற எவ்வளவு காலம் ஆயிற்று, சட்டம் எவ்வாறு துணை நின்றது என்பதை நெல் விவசாயிகள் யாவரும் தெரிந்து கொள்வது நல்லது.

ஆற்றோடு வந்த நஞ்சு

ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் கமியோகா என்னும் இடத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுக்கும் சுரங்கம் இருந்தது. துத்தநாகத் தாதுவுடன் காட்மியம் என்ற உலோகமும் சேர்ந்தே கிடைக்கும். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து, வாய்க்கால் வழியே வயலுக்கு வந்து மேல்மண்ணில் தங்கியது. நெற்பயிர் அதை வேர் மூலம் உறிஞ்சி மணியில் சேர்த்தது. பயிரைப் பார்த்து இதைக் கண்டுகொள்ள முடியாது. அரிசியைப் பரிசோதித்தால்தான் தெரியும்.

பல ஆண்டுகள் அந்த அரிசியை உண்டு, ஆற்று நீரையும் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்புகள் மெலிந்தன. பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். இருமினாலும் எலும்பு முறியும். வேதனை தாளாமல் அவர்கள் 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று அலறியதால், ஜப்பானிய மொழியில் அதே பொருள்படும் 'இதாய் இதாய்' என்பதே நோயின் பெயராயிற்று. உள்ளூர் டாக்டர் ஹகினோ நொபோரு உள்ளிட்டோர் காட்மியமே காரணம் என்று எடுத்துக் கூறினர். 1968 மே மாதம் ஜப்பான் அரசு அதை ஒப்புக்கொண்டது.

சட்டமும் வழக்கும்

1970 டிசம்பரில் ஜப்பான் பாராளுமன்றம் சுற்றுப்புறக் கேடு குறித்து 14 சட்டங்களை நிறைவேற்றியது. அவற்றுள் ஒன்று விளைநில மண் மாசுத் தடுப்புச் சட்டம். கிலோ அரிசியில் 1 மில்லிகிராமோ அதற்கு மேலோ காட்மியம் காணப்படும் வயல்களை மாகாண கவர்னர் மாசுப் பகுதியாக அறிவித்து, சீரமைப்புத் திட்டம் வகுக்க அது வழி செய்தது. இந்த அளவு பின்னர் 0.4 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. மாசுபடுத்திய தொழிலும் செலவில் பங்கு ஏற்க வேண்டும் என்று மற்றொரு சட்டம் கூறியது.

பாதிக்கப்பட்டவர்கள் 1968இல் சுரங்கக் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தனர். 1971இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1972இல் அப்பீலிலும் அவர்களே வென்றனர். நஷ்டஈட்டுடன் வேறொரு உரிமையையும் அவர்கள் எழுதி வாங்கினர். எப்போது வேண்டுமானாலும் நிபுணர்களுடன் சுரங்கத்துக்குள் சென்று பார்வையிடலாம். அதற்கான செலவைக் கம்பெனியே ஏற்கும் என்பதே அது. அதன்படி ஆண்டுதோறும் சோதனை நடந்தது. ஆற்று நீரில் காட்மியம் படிப்படியாகக் குறைந்தது.

மண்ணை மாற்றிய விதம்

நீர் சுத்தமானாலும் மண்ணில் சேர்ந்த உலோகம் தானாகப் போவதில்லை. ஆகவே கெட்டுப்போன மேல்மண்ணைத் தோண்டி ஆழத்தில் புதைத்து, அதன் மேல் அடிமண்ணை இறுக்கி, மலைப்பகுதியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணைப் பரப்பினர். சில இடங்களில் பழைய மண்ணின் மேலேயே புதுமண் இட்டனர். மலை மண்ணில் சத்துக் குறைவு. உரமிட்டுத்தான் அதை வயல் மண்ணாக்க வேண்டும். பின்னர் பயிர் செய்து, அரிசியைச் சோதித்த பிறகே நிலத்தை மாசுப் பட்டியலிலிருந்து நீக்கினர்.

1979இல் தொடங்கிய வேலை 2012இல்தான் முடிந்தது. மாசுப் பகுதியாக அறிவிக்கப்பட்ட சுமார் 1,500 ஹெக்டேரில் மீண்டும் வயலானது சுமார் 863 ஹெக்டேர். மீதியில் பெரும்பகுதி வீடு, சாலை போன்ற வேறு உபயோகத்துக்குப் போய்விட்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ 4,070 கோடி யென்.

தண்ணீர் கட்டும் முறை

மண் மாற்ற முடியாத இடங்களில் ஜப்பானிய விவசாயிகள் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. கதிர் வெளிவருவதற்கு 3 வாரம் முன்பிருந்து, வெளிவந்த பின் 3 வாரம் வரை வயலில் நீர் வற்றாமல் பார்த்துக் கொள்கின்றனர். நீர் நிற்கும்போது மண்ணில் காற்று குறைகிறது. காட்மியம் கந்தகத்துடன் சேர்ந்து கரையாத பொருளாகி, வேருக்கு எட்டாமல் நின்றுவிடுகிறது. புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதும் உதவும். ஆனால் மண்ணில் ஆர்செனிக் என்ற நஞ்சும் இருந்தால், நீர் கட்டுவது அதை அரிசியில் கூட்டிவிடும். எனவே மண்ணைச் சோதித்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் நாட்டிலும் மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து சீரமைப்பதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தொழிற்சாலைக் கழிவு பாயும் வாய்க்காலின் கீழ் நிலம் வைத்திருப்பவர்கள் மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்து, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட நிர்வாகத்திடம் மனுக் கொடுக்கலாம்.

வாய்க்காலில் வரும் கழிவை இன்று தடுப்பது ஒரு மனுவோடு முடியலாம். வயலில் சேர்ந்த பின் அதை எடுக்க ஒரு தலைமுறை ஆகும். ஜின்சு ஆற்றுக் கரை விவசாயிகள் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இது.